ஐந்தாவது கைத்தட்டல்

கீத் ப்ராஸர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு மெயிலையாவது முழுசாகப் படித்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. முப்பது வருஷம் கார் தொழிற்சாலையில் யூனியன்காரனாக இருந்தவன். நிர்வாகம் நீட்டிய காகிதத்தை நாலு தடவை படித்து, ஐந்தாவது தடவை கிழித்துப் போட்டவன். ஆனால் போனில் வருவதெல்லாம் அவனைப் பொறுத்தவரை காகிதமே இல்லை. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு டீ போடப் போய்விடுவான்.

அந்தக் கட்டைவிரல்தான் என்னை ரெக்கார்டிலிருந்து அழித்தது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். இப்போது பெர்னி ஹாட்ஜ்கின்ஸ், அப்போது பெர்னடெட் கெராட்டி. 'தி டீபிரேக்ஸ்' என்ற குழுவுக்கு வேன் ஓட்டினேன், ஸ்கா என்ற துள்ளலான ஜமைக்கா இசை வாசிப்பவர்கள். டிரம்ஸ் அடித்தது என் அண்ணன் டெக்லன். பாடியதும் கீபோர்டு வாசித்ததும் கீத். பேஸ் கிட்டார் க்ளென்ராய் டல்லக். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அதில் இருவர் இன்று இல்லை, ஒருவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆறு பேரில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. நான் பேக்கரி ஒன்றில் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் சனி ஞாயிறுகளில் ரொட்டிக்குப் பதிலாக இவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ரொட்டி கொஞ்சம் நல்ல வாசனை அடிக்கும்.

வேனில் ஒரு விதி இருந்தது. முன் சீட் பாடகனுக்கு. மற்ற ஐந்து பேரும் பின்னால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே சுருண்டு கிடக்க வேண்டும். விதியை எழுதியவன் கீத் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1980 பிப்ரவரியில் 'டூ ஷுகர்ஸ்' என்ற ஆல்பத்தைப் போட்டார்கள். அட்டையில் மூன்று கறுப்புப் பையன்களும் மூன்று வெள்ளைப் பையன்களும் கேன்டீன் பெஞ்சில் டீக் குவளையோடு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு பாட்டு, எங்கள் பேட்டைக்குப் போகும் பஸ்ஸைப் பற்றியது, 'டைல் ஹில் பஸ்'. எங்கள் ஊரான கவென்ட்ரியில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு பாதி வழியில் சட்டென்று நின்றுவிடும். நாலு கைத்தட்டல். பிறகு ஒரு மூச்சு நேரம் அமைதி. அந்த அமைதிக்குள், யாரும் எதிர்பாராத இடத்தில், தன்னந்தனியாக இன்னொரு கைத்தட்டல் விழும். கூடவே 'சிலுங்' என்று ஏதோ இரும்புச் சத்தம். அப்புறம்தான் பாட்டு மறுபடி பாய்ந்து வரும்.

அந்த ஐந்தாவது கைத்தட்டலுக்காகவே இந்த ஊர் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. நாலாவது தட்டு விழும் முன்பே எல்லார் கையிலும் வீட்டுச் சாவி வந்துவிடும். ஐந்தாவதில் தட்டி ஆட்ட வேண்டும், அதுதான் வழக்கம். கால்பந்து மைதானத்தில் எங்கள் அணி கோல் போட்டால் நாலு தட்டு, ஒரு சாவி. கல்யாணங்களில் அது இல்லாமல் ஆட்டம் முடியாது. என் கல்யாணத்திலும் போட்டார்கள். என் மாமியார் உட்பட அத்தனை பேரும் சாவியை ஆட்டினார்கள், நான் மட்டும் கேக் கத்தியைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

லண்டன்காரர்களுக்கு இது தெரியாது. ஆல்பத்தில் திருத்த நேரமில்லாமல் ஐந்தாவதை அப்படியே விட்டார்கள். வானொலிக்கென்று சின்ன ரெக்கார்டு போட்டபோது பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து நாலு தட்டோடு நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் உலகம் கேட்டது. ஐந்தாவது எங்கள் ஊர்ச் சொத்து.

தட்டியது யார் என்பதும் ஊருக்கே தெரியும். க்ளென்ராய் டல்லக். உள்ளூர் வானொலியில் சொல்லியிருக்கிறான், செய்தித்தாளில் சொல்லியிருக்கிறான், சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லியிருக்கிறான். வருஷத்துக்கு வருஷம் கதை வளரும். முதலில் 'கை தவறிடுச்சு' என்றான். எண்பத்தைந்தில் 'வேணும்னேதான் தட்டினேன்' என்றான். இரண்டாயிரத்தில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அவன் அத்தை போகும் சர்ச்சில் பரிசுத்த ஆவிக்கென்று ஒரு தட்டு தனியாக விடுவார்களாம், அதிலிருந்து எடுத்தானாம். அவனுக்கு கிங்ஸ்டனில் அத்தையே கிடையாது. அவன் முகமும் ஒரு சாவியும் போட்ட டி-ஷர்ட் கூட விற்றார்கள். எனக்கே ஒன்று பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தான், திருடன்.

அந்தத் தட்டு என்னுடையது.

யாரிடமும் சொன்னதில்லை. என் கணவன் ஃபிராங்கிடம் கூட. அவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை. 'டூ ஷுகர்ஸ்' ஆல்பத்தைப் பழையபடி பெரிய ரெக்கார்டாக மறுபடி கொண்டுவர லண்டனில் ஒரு சின்னக் கம்பெனி முன்வந்திருந்தது. ஆலையில் மொத்தமாக அச்சடிக்கும் முன் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு அடித்து அனுப்புவார்கள். போட்டுக் கேட்டு, சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு வேலை. அது கீத் வீட்டுக்கு வந்திருந்தது. க்ளென்ராயை நான்தான் அழைத்துப் போனேன். ஓட்டுநர் தேர்வில் ஐந்து தடவை தோற்றவன் அவன். ஐந்தாவது தடவை தேர்வு நடத்தியவரே பாதியில் இறங்கி பஸ் பிடித்துப் போய்விட்டார். அவன் மனைவி இவோன் ஒரு பல் டாக்டரோடு லீட்ஸ் போன நாளிலிருந்து ஆஸ்பத்திரி, கடை, சர்ச் எல்லாவற்றுக்கும் என் வண்டிதான்.

பரிசோதனை ரெக்கார்டு வெறும் வெள்ளை உறையில் இருந்தது. கூடவே நிறம் பார்ப்பதற்கு ஒரு மாதிரி. கடைக்கு வருவது டீ நிறத்தில் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் யோசனை.

கீத் அந்த மாதிரியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது டீயாடா? சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்கு. பால் பத்தல."

"பையை இன்னும் ரெண்டு நிமிஷம் ஊறவெச்சிருக்கணும்," என்றான் க்ளென்ராய். "இதைக் குடுத்திருந்தா எங்க தொழிற்சாலையில ஸ்ட்ரைக்கே நடந்திருக்கும்."

"நடத்தினதே நான்தான்டா, எண்பத்தி ரெண்டுல!"

டீயின் நிறத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள். நான் கஸ்டர்ட் பிஸ்கட் நாலு தின்றேன். கடைசியில் ஊசியை இறக்கினான் கீத்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே நன்றாக இருந்தது. டெக்லனின் டிரம்ஸ் பக்கத்து அறையில் கேட்பது போல் இருந்தது. கீத் தன் பத்தொன்பது வயதுக் குரலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். க்ளென்ராய் புது இடுப்பு வைத்துக்கொண்ட ஆள், சோபாவில் உட்கார்ந்தபடியே முழங்காலால் ஆடினான். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. மூன்று பேரும் சாவியைக் கையில் எடுத்தோம். பாட்டு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அமைதி.

அப்புறம் பாட்டு.

எங்கள் மூன்று பேரின் சாவி மட்டும் அந்த அறையில் தனியாகக் குலுங்கியது.

"ஊசி தாவிடுச்சு," என்றான் கீத். மறுபடி போட்டான். நாலு. அமைதி. மறுபடி போட்டான். நாலு. துடைத்து எடுத்த மாதிரி அமைதி.

க்ளென்ராய் எழுந்தே விட்டான். "என் தட்டு எங்கடா?"

இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான் வரும். அது போய்த் தொலைந்தால் நிம்மதி என்றுகூட நினைத்ததுண்டு. இப்போது நிஜமாகவே போய்விட்டது, நிம்மதி மட்டும் வரவில்லை. ஒன்றரை வருஷம் அந்த வேனை ஓட்டினேன். பனியில் டயர் மாற்றினேன், இவர்கள் வாந்தியைக் கழுவினேன். போட்டோவில் நான் இல்லை, அட்டையில் பெயர் இல்லை. அந்த ஒரு தட்டில்தான் இருந்தேன். அதுவும் இல்லையென்றால் நான் அங்கே போகவே இல்லை என்று ஆகிவிடும்.

"கம்பெனிக்குப் போன் போடு," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

ஒலியைச் சீர்செய்தவள் பிலிப்பா என்ற பெண். நாற்பது வயதிருக்கும், நிதானமான குரல். கீத் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஆமா, அதை நான்தான் எடுத்தேன்," என்றாள். "சின்ன ரெக்கார்டுல நாலு தட்டுதானே இருக்கு. இதுல எதோ கீழ விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிழைன்னு நெனச்சேன். ஆனா நானா எடுக்கல, உங்ககிட்ட கேட்டேன். மார்ச் ஏழாம் தேதி மெயில் போட்டேன். கீத் சரின்னு கட்டைவிரல் அனுப்பியிருந்தாரே?"

நானும் க்ளென்ராயும் கீத்தைப் பார்த்தோம்.

"நெறைய மெயில் வருது," என்றான் கீத்.

"நெறைய மெயிலா? உனக்கு மாசத்துக்கு மூணு வருது. அதுல ரெண்டு மருந்துக் கடையிலேர்ந்து," என்றேன்.

"கட்டைவிரலைக் காட்டி ஒரு ஊரையே வித்துட்டியேடா!" என்றான் க்ளென்ராய். "யூனியன்காரனாம்!"

பிலிப்பா எங்களைச் சண்டை போடவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். திரும்ப வைப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இன்று மதியத்துக்குள் ஆலைக்குப் பதில் போக வேண்டும், தவறினால் அடுத்த முறை எட்டு மாசம் கழித்து. இன்னொன்று, போன வருஷம் வேறொரு ரெக்கார்டில் பாடகரின் இருமலை அப்படியே விட்டார்களாம். வாங்கியவர்கள் கீறல் விழுந்த சரக்கு என்று மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அதனால பின்னட்டையில ஒரு வரி போட்டுடலாம். 'ஐந்தாவது கைத்தட்டல்' அப்படின்னு போட்டு, தட்டினவங்க பேரு. அப்ப யாரும் பிழைன்னு நெனக்க மாட்டாங்க. யார் பேரு போடட்டும்?"

"எழுதிக்கம்மா," என்றான் க்ளென்ராய், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு. போனுக்கு எதற்குக் காலர்? "க்ளென்ராய் டல்லக். டல்லக்ல ரெண்டு எல் வரும்."

சொல்லு பெர்னி, என்று எனக்கு நானே சொன்னேன். இப்போது சொல்லாவிட்டால் அச்சில் ஏறிவிடும். வாயில் பிஸ்கட் இருந்தது. விழுங்கினேன். இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நான் கோழை இல்லை. வண்டியை மறித்த மூன்று முரடர்களை ஜாக்கிக் கம்பியோடு துரத்தியவள். ஆனால் தட்டியது நான் என்று சொன்னால் அடுத்து ஒரு கேள்வி வரும். ஏன் தட்டினாய்? அதற்குப் பதில் சொல்ல எனக்கு இருபது வயதிலும் தைரியம் இல்லை, அறுபத்து நாலிலும் இல்லை.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் பிலிப்பா. "கைத்தட்டல் மட்டும் தனி டேப்புல இருக்கு. பாட்டுல சேர்க்காத பகுதியும் அதுல ஓடுது. உங்களுக்குக் கேக்கப் புடிக்கும்னு நெனக்கிறேன். போடட்டுமா?"

"போடு, போடு," என்றான் கீத், பேச்சு தன்னை விட்டுப் போகிறதே என்ற மகிழ்ச்சியில்.

இரைச்சல். யாரோ காலைத் தேய்க்கிற சத்தம். பிறகு நாலு தட்டு, ஏழெட்டுப் பேர் சேர்ந்து; சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று அன்று என்னையும் கூட நிற்கவைத்திருந்தார்கள். ஒரு நொடி. பளீரென்று ஒரு தட்டு, சாவி குலுங்குகிற சத்தம். உடனே ஒரு பெண் குரல், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு:

"மாதாவே!"

பிறகு பதிவுசெய்ய லண்டனிலிருந்து வந்த ரோலண்டின் கத்தல். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு திரிந்த மனுஷன், பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார். "எந்தக் கழுதை அது? பேண்டு ஆளுங்க தவிர யாராவது தப்புப் பண்ணினா வெளியில போகணும்னு சொன்னேனா இல்லையா? யாரு?"

அமைதி. வெளியே அன்று முழங்கால் அளவு பனி. என் வேனில் ஹீட்டர் கிடையாது.

பிறகு ஒரு பையன் குரல், கொஞ்சம் உடைந்து: "நான்தான் சார்."

டேப் நின்றது.

கீத் புருவத்தைச் சுருக்கினான். "யாருடா அந்தப் பொண்ணு?"

"கீத்," என்றேன், "அந்த ரூம்ல எத்தனை பொம்பளைங்க இருந்தாங்க?"

அவன் நிஜமாகவே விரலை மடக்கி எண்ணினான். ஒரு விரலில் நின்றான். "நீ மட்டுந்தான்."

"சாவி யார் கையில இருந்திருக்கும்?"

"வண்டி ஓட்டறவங்க கையில..." சொல்லிக்கொண்டே க்ளென்ராய் பக்கம் திரும்பினான். ஐந்து தடவை தோற்ற க்ளென்ராய் பக்கம். "ஏன்டா, உன்கிட்ட ஏதுடா சாவி? உங்கம்மா உனக்கு வீட்டுச் சாவிகூடக் குடுக்க மாட்டாங்களே!"

இத்தனை வருஷமாக இந்த ஊரில் லட்சம் பேர் சாவியை ஆட்டியிருக்கிறார்கள். சாவி யாருடையது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பக்கத்திலேயே நின்று தட்டிய கீத்துக்கே தோன்றவில்லை.

"அப்ப... யார் பேரு போடட்டும்?" என்றாள் பிலிப்பா மெதுவாக.

க்ளென்ராய் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"என்னைக் காப்பாத்தத்தான் கை தூக்கினே, சரி. அன்னைக்கே நன்றி சொல்லியிருப்பேன். ஆனா அப்புறம் என்னடா? வானொலியாம், டி-ஷர்ட்டாம், கிங்ஸ்டன் அத்தையாம்! எனக்கே அந்த டி-ஷர்ட்டைக் குடுக்கறே! அதுவும் எக்ஸ்ட்ரா லார்ஜ்!"

"நீ ஏன் ஒரு தடவைகூட சொல்லல?" என்றான். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"எதுக்குச் சொல்லணும்?"

"என்கூடச் சண்டை போடறதுக்கு நீ ஒரு சாக்கை விட்டதே இல்லையே பெர்னி. இதை மட்டும் ஏன் விட்டே?"

போனில் பிலிப்பா தொண்டையைச் செருமினாள். "மன்னிக்கணும், எனக்கு நேரம் ஆகுது. பேர் மட்டும் போதும். இருந்தாலும், பெர்னி, எனக்கே தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. ஏன் தட்டினீங்க?"

வந்துவிட்டது. எல்லாரும் நாலோடு நிறுத்தியபோது நீ மட்டும் ஏன் தட்டினாய்?

"எண்ண மறந்துட்டேன்," என்றேன்.

"நாலுதானே," என்றான் கீத். "அஞ்சு வயசுக் கொழந்தை எண்ணுமே."

"அவனைப் பாத்துட்டு இருந்தேன்!" என்று கத்தினேன். "போதுமா? இந்தத் தடியனைப் பாத்துட்டு இருந்தேன். பாத்துட்டே எண்ண முடியல. அவ்வளவுதான். எழுதிக்கங்க, அட்டையில போடுங்க, ஊர் பூரா படிக்கட்டும்!"

கீத்தின் வாய் திறந்தபடி நின்றது. அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை, முதல் தடவை தொழிற்சாலை மூடினபோது. எனக்குக் காது வரை சூடு. அறுபத்து நாலு வயதில் ஒருத்திக்கு இப்படிக் காது சுடலாமா?

"தெரியும்," என்றான் க்ளென்ராய்.

"என்ன தெரியும்?"

"நீ என்னைப் பாத்துட்டு இருந்தேன்னு. நாலாவது தட்டுக்கு நான்தானே உன்னைப் பாத்துக் கண்ணடிச்சேன்? அதுலதான் உனக்கு எண்ணிக்கை போச்சு. தப்பு உன்னோடதில்ல, என்னோடது. அதனாலதான் என் தட்டுன்னு சொன்னேன். அத்தை வேணா பொய். அது பொய்யில்ல."

கண்ணடித்தது எனக்கு நினைவிருக்கிறது. எப்படி இல்லாமல் போகும்? ஆனால் அவன் எல்லாரையும் பார்த்துத்தான் கண்ணடிப்பான். போஸ்ட்மேனைப் பார்த்துக் கண்ணடிக்கிறவன். எனக்கென்று அடித்ததாக நான் எப்படி நினைப்பேன்?

"அப்புறம் ஏன்டா எதுவும் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குத் திரும்பி வரப்ப வேன்ல உன் பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு பூரா யோசிச்சு வெச்சிருந்தேன்." கீத்தை நோக்கிக் கையை நீட்டினான். "இவன் போய் முன்னாடி உக்காந்துட்டான்."

"பாடகனுக்குத்தான் முன் சீட்டு," என்றான் கீத். "அது விதி."

"வழியெல்லாம் பேசிட்டே வந்தே! கவென்ட்ரி வர்ற வரைக்கும் வாயை மூடலயே!"

"எனக்கு எப்படிடா தெரியும்? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்திருச்சிருப்பேனே!"

"மெயில் போட்டிருந்தா கட்டைவிரல் காட்டியிருப்பே," என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுத்த வசந்தத்திலேயே க்ளென்ராய் இவோனோடு சுற்ற ஆரம்பித்தான். நான் ரொட்டிக் கிடங்கில் ஃபிராங்கைப் பார்த்தேன். ஃபிராங்க் நல்லவன், அவனோடு வாழ்ந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"பெர்னிக்கு முழுப் பேரு என்ன?" என்றது போன். "பெர்னடெட் ஹாட்ஜ்கின்ஸ்," என்றான் கீத்.

"கெராட்டி," என்றேன். "அன்னைக்கு அதான் என் பேரு."

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், சந்தைக் கட்டடத்தில் ரெக்கார்டு கடைக்கு முன்னால் வெளியீடு. மீன் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவே ஒரு சின்ன மேடை. முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்குத் தொப்பி இருந்தது, முக்கால்வாசிப் பேருக்குத் தொப்பிக்குக் கீழே முடி இல்லை. ரெக்கார்டு சரியான டீ நிறத்தில் வந்திருந்தது. பால் விஷயத்தில் கீத் பதினொரு மெயில் அனுப்பியிருந்தான், அதுவும் முழு வாக்கியங்களில். பின்னட்டையில் கீழே, சின்ன எழுத்தில், அந்த வரி இருந்தது: ஐந்தாவது கைத்தட்டலும் வேன் சாவியும், பெர்னடெட் கெராட்டி. கழிவறைக்குப் போகிற சாக்கில் ஆறு தடவை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் நான் திருடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

டெக்லன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். டிரம்ஸுக்குக் கீத்தின் மகள் உட்கார்ந்தாள். அப்பனைவிட அவளுக்குத் தாளம் சுத்தம். 'டைல் ஹில் பஸ்' ஆரம்பித்ததும் மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆட வந்துவிட்டார். புது இடுப்பு, பழைய முழங்கால், ஊன்றுகோல் எல்லாம் குதித்தன. நான் மேடைக்குப் பக்கத்தில் கோட்டுப் பையில் கைவிட்டு நின்றேன். இப்போது முதியோர் மையத்து மினி பஸ்ஸை ஓட்டுகிறேன், அதன் சாவி கனமானது.

பாட்டு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

முந்நூறு சாவிகள் மேலே எழும்பின. க்ளென்ராய் சட்டென்று உள்ளங்கையை உயர்த்தினான். எல்லாரும் பின்னட்டையைப் படித்திருக்கிறார்கள் போலும், ஒரு சாவியும் குலுங்கவில்லை. முந்நூறு முகங்களும் என் பக்கம் திரும்பின. க்ளென்ராய் என்னைப் பார்த்தான். கண்ணடித்தான். வயசாகிவிட்டது, ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றும் பாதி மூடிக்கொள்கிறது.

நான் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்ட மறந்துவிட்டேன்.

சத்தியமாக. அந்த ஒரு மூச்சு நேர அமைதி போய், இரண்டு மூச்சானது, ஐந்தானது. எங்கேயோ ஒரு குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கீத்தின் மகள் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தாள். கீத்தால் பொறுக்க முடியவில்லை.

"பெர்னி!" என்று மைக்கில் அலறினான்.

"மாதாவே!" என்றேன். சந்தைக் கட்டடம் முழுக்கக் கேட்டது. தட்டினேன். சாவி கையிலிருந்து பறந்து போய் ரெக்கார்டுப் பெட்டிகளுக்கு நடுவே எங்கோ விழுந்தது. அதற்கு மேல் முந்நூறு பேரும் தட்டி, ஆட்டி, பாட்டு வெடித்துக்கொண்டு வந்தது. நான் அழுதுகொண்டே ஆடினேன். மீன்காரர் தன் ஏப்ரனை எடுத்து என் முகத்தைத் துடைக்க வந்தார், அதை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

எல்லாம் முடிந்து ஸ்பீக்கர்களை மினி பஸ்ஸில் ஏற்றினோம். சாவியைப் பெட்டிகளுக்கு அடியில் முட்டி போட்டுத் தேடி எடுத்து வந்தது க்ளென்ராய்தான். என் கையில் வைத்தான்.

கீத் பழக்க தோஷத்தில் நேராக முன் கதவுக்குப் போனான். கைப்பிடியில் ஏற்கெனவே க்ளென்ராயின் கை இருந்தது.

"பாடகனுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான் கீத். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, முனகிக்கொண்டே பின்னால் போய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.

டைல் ஹில் வரை அவன் வாயை மூடவில்லை. என்ன பேசினான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.